ஷஃபிளை அணையுங்கள் தம்பி, அப்புறம் பேசலாம்

கேள்வி: அண்ணா, எனக்கு 23 வயது. கோவையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் வைத்திருக்கிறோம். சொந்தமாக எட்டுப் பாட்டு தயார். என் மாமா பழைய ராக் பைத்தியம். "முதலில் பிங்க் ஃப்ளாய்ட் பேண்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தைக் கேளு, அப்புறம் ஆல்பம் போடு" என்கிறார். போனில் இரண்டு தடவை கேட்டேன். உண்மையைச் சொன்னால் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பாட்டில் கடிகாரம் அடிக்கிறது, ஒன்றில் ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் கத்துகிறார், ஒன்று பாட்டே இல்லை, வெறும் மெஷின் சத்தம். இதை ஏன் ஐம்பது வருடமாக மாஸ்டர்பீஸ் என்கிறார்கள்? பெரியவர்கள் சொன்னார்கள் என்று எல்லோரும் தலையாட்டுகிறார்களா? இன்னொன்று, எங்கள் டிரம்மர் "இந்தக் காலத்தில் ஆல்பத்தை யார் கேட்கிறார்கள், மாதத்துக்கு ஒரு பாட்டு விடுவோம்" என்கிறான். ஒன்பது நிமிடப் பாட்டு ஒன்றும் இருக்கிறது, அதை வைப்பதா எடுப்பதா என்றுதான் பெரிய சண்டை. என்ன செய்யலாம்?

பதில் (ஒலிப்பதிவுப் பொறியாளர், சென்னை):

தம்பி, உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. கடிகாரம், அப்புறம் அந்தப் பெண், அப்புறம் மெஷின் சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆல்பத்தில் அப்படி ஒரு வரிசையே கிடையாது. மெஷின் சத்தம் மூன்றாவது, கடிகாரம் நான்காவது, அந்தப் பெண் ஐந்தாவது. ஆக நீங்கள் ஷஃபிளில், அதாவது வரிசையைக் கலைத்துப் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள், பெரும்பாலும் இலவசக் கணக்கில், நடுநடுவே விளம்பரத்தோடு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் மோரை ஊற்றி, அதன் மேல் பாயசத்தை ஊற்றி, சாம்பார் வருவதற்குள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாலிசி பேசினால் எப்படி இருக்கும்? சமையல்காரரைத் திட்டிவிட்டுத்தான் எழுந்திருப்போம். உங்கள் காதில் ஒரு கோளாறும் இல்லை.

இது சும்மா ரசிகனின் வீம்பு இல்லை. அந்த ஆல்பத்தில் பாட்டுகளை விட, ஒரு பாட்டு இன்னொன்றாக மாறும் இடங்களில்தான் பாதி வேலை நடந்திருக்கிறது. நீங்கள் சொன்ன மெஷின் சத்தம் ஓடி ஓடிக் கடைசியில் எதிலோ மோதி வெடிக்கிறது. வெடித்த பிறகு யாரோ ஒருவரின் காலடிச் சத்தம், ஒரு டிக் டிக், திடீரென்று கடை நிறையக் கடிகாரங்கள் ஒன்றாக அடித்து உங்களைத் தூக்கிவாரிப் போடுகின்றன. அதற்குப் பிறகும் பாடுகிறவர் வாயைத் திறக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. டிரம்ஸைத் தட்டிக்கொண்டு நம்மைக் காக்க வைக்கிறார்கள். பாட்டு எதைப் பற்றி? நேரம் நம்மை விட்டுப் போவதைப் பற்றி! காத்திருந்த அந்த இரண்டு நிமிடமும் பாட்டுக்குள் சேர்த்திதான். அந்தப் பாட்டு முடிகிற இடத்தில், ஆல்பத்தின் ஆரம்பத்தில் கேட்ட ஒரு மெட்டு, அனுபல்லவி சரணமெல்லாம் சுற்றிவிட்டுப் பல்லவிக்கு வருகிற மாதிரி, களைத்துப்போய் வீடு திரும்புகிறது. ஷஃபிளில் இது எதுவும் கிடைக்காது. திரும்பி வருகிறது என்பது தெரிய, முதலில் அது கிளம்பிப் போனதைக் கேட்டிருக்க வேண்டுமே.

சரி, மாஸ்டர்பீஸ் விஷயம். உங்கள் சந்தேகம் பாதி நியாயமானது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் விற்கிறவர்கள் கடைக்கு வந்தவர்களிடம் இந்த ஆல்பத்தைப் போட்டுக் காட்டியே விற்றார்கள். எல்பி இசைத்தட்டு வாங்கியவர்கள் கேசட்டாக வாங்கினார்கள், அப்புறம் சிடியாக வாங்கினார்கள், ரீமாஸ்டர் வந்தபோது மறுபடி வாங்கினார்கள். மாமாக்கள் மருமகன்களுக்குச் சிபாரிசு செய்ததும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். 1973 மார்ச்சில் வெளிவந்த இது, அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஒரே வாரம்தான்! ஆனால் பட்டியலை விட்டு லேசில் இறங்கவில்லை. 1988 வரைக்கும் கூட்டிப் பார்த்தால் 700 வாரங்களுக்கு மேல் அதில் இருந்திருக்கிறது. முதல் நாள் கூட்டத்தைச் சேர்த்துவிட்டு ஓய்ந்துபோகிற சரக்கு இல்லை. ஒவ்வொரு வருடமும் புதிதாக யாரோ முதல் தடவையாக வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வெறும் தலையாட்டலால் பதினைந்து வருடம் தாங்காது.

அப்படியானால் என்னதான் செய்தார்கள்? என்னைக் கேட்டால், உங்களுக்கு வேண்டிய பதில் ஸ்டுடியோவுக்கு வெளியே இருக்கிறது. 1971 கடைசியில் டிரம்மர் நிக் மேசன் வீட்டில் பேண்டின் நாலு பேரும் உட்கார்ந்து பேசியபோது பாஸ் கிட்டார் வாசிக்கிற ரோஜர் வாட்டர்ஸ் ஒரு யோசனை சொல்கிறார்: மனிதனை அழுத்துகிற விஷயங்களையே எடுத்துக்கொள்வோம். நேரம், பணம், பயணம், சாவு, பைத்தியம். அதில் பைத்தியம் அவர்களுக்குக் கேள்விப்பட்ட விஷயம் இல்லை. பேண்டை முதலில் முன்னின்று நடத்திய சிட் பேரட் மனநிலை குலைந்து 1968இல் அவர்களை விட்டுப் போயிருந்தார். போர் பற்றிய பாட்டும் அப்படித்தான், வாட்டர்ஸின் அப்பா 1944இல் இத்தாலியில் அன்சியோ போர்முனையில் இறந்தவர்.

பேசியதும் பதிவு செய்யப் போகவில்லை, மேடைக்குப் போனார்கள். 1972 ஜனவரியில் பிரைட்டனில் முதல் தடவை முழுசாக வாசிக்கப் பார்த்தபோது பணம் பற்றிய பாட்டில் கருவிகள் சொதப்பி, பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் பிறகு அந்த வருடம் முழுக்க இங்கிலாந்து, ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று ஊர் ஊராக இதையே வாசித்தார்கள். இன்னும் பதிவு முடியாத ஆல்பத்தை! திருட்டுத்தனமாகப் பதிவு செய்த கச்சேரி ரெக்கார்டுகள் ஆல்பத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டன.

இதில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது, அந்த ஒரு வருடத்தில் அவர்கள் எதையெல்லாம் தூக்கி எறிந்தார்கள் என்பதைத்தான். உங்களுக்குப் பிடிக்காத அந்த மெஷின் சத்தம் இருக்கிற இடத்தில் மேடையில் ஒரு கிட்டார் ஜாம், அதாவது அந்த நேரத்தில் தோன்றியபடி வாசிப்பது, இருந்தது. கெட்டிக்கார வாசிப்புதான், ஆனால் எந்த பேண்டும் வாசிக்கக்கூடியது. ஸ்டுடியோவுக்குள் ஒரு சின்ன சிந்தசைசர் (மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் கருவி) வந்தது, பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி. அதில் எட்டு ஸ்வரத்தைப் போட்டு வேகத்தை ஏற்றிவிட்டதும் அத்தனை மாதம் வாசித்த ஜாம் குப்பைக்குப் போயிற்று. அந்தப் பெண் பாடுகிற இடத்தில் முதலில் ஆர்கன் ஒலியும் பைபிள் வாசகங்களுமாக ஒரு துண்டு இருந்தது, அதுவும் போயிற்று. அதே மாதிரி முதல் கச்சேரிகளில் முடிவே இல்லை. வாசித்துப் பார்த்த பிறகுதான், இது சும்மா நின்றுவிடுகிறதே, முடியவில்லையே என்று தெரிந்து வாட்டர்ஸ் கடைசிப் பாட்டை எழுதிச் சேர்த்தார். இன்றைக்கு அந்த முடிவு இல்லாமல் ஆல்பத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கூட்டத்துக்கு முன்னால் நின்று வாசித்திராவிட்டால் அது இல்லை என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நான் இந்த ஆல்பத்தை முதலில் கேட்டது கோடம்பாக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் உதவியாளனாக இருந்தபோது. மூத்த இன்ஜினியர் ஒருவர் கேசட்டைப் போட்டுவிட்டு "என்னடா கேக்குது?" என்றார். "ஒண்ணும் கேக்கல சார், இரைச்சல்தான்" என்றேன். "நல்லா கேளு." கொஞ்ச நேரம் கழித்து லப் டப் என்று இதயத் துடிப்பு. நிக் மேசன் பாஸ் டிரம்மில் வாசித்ததுதான் அது. ஒன்றுமே இல்லாததிலிருந்து மெல்ல மேலே வருகிறது. அதே துடிப்போடுதான் ஆல்பம் கடைசியிலும் அடங்கும். "இவ்வளவு சின்னதா ஆரம்பிக்கத் தைரியம் வேணும்" என்றார் அவர். அது எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று, அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்டுடியோ வேலையில் ஒரே ஒரு இடத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். பணம் பற்றிய பாட்டின் ஆரம்பத்தில் கல்லாப்பெட்டி, சில்லறை, காகிதம் கிழிகிற சத்தம் எல்லாம் தாளமாகச் சுழலும், ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கு லேப்டாப்பில் பத்து நிமிடம். அன்றைக்கு ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாக டேப்பில் பதிவு செய்து, ஸ்கேல் வைத்து அளந்து, ஒரே நீளத் துண்டுகளாக பிளேடால் வெட்டி, ஒட்டி, அந்த வளையத்தை மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டார்கள். சில்லறைச் சத்தத்துக்கு, வாட்டர்ஸ் தன் மனைவி களிமண் குழைக்கிற பாத்திரத்தில் காசை அள்ளிப் போட்டார். மொத்தம் ஏழு சத்தம். பாட்டின் தாளமும் ஏழு. பாதி ராக் பேண்டுகள் நாலு எண்ணிக்கையைத் தாண்டாத காலத்தில் ஏழில் ஒரு பாட்டு. நம்மூர்க் காதுக்கு மிஸ்ர சாபு என்கிற ஏழு எண்ணிக்கைத் தாளம் பழக்கம் என்பதால் நமக்கு அது நொண்டுகிற மாதிரியே தெரியாது, வெள்ளைக்காரர்களுக்குத்தான் கஷ்டம். டேவிட் கில்மரின் கிட்டார் தனியாவர்த்தனம் வரும்போது மட்டும் சட்டென்று நாலுக்கு மாறும், ஏழுக்குள் நடந்துகொண்டிருந்த ஆள் திடீரென்று ரோடு கிடைத்து ஓடுகிற மாதிரி. அப்புறம் மறுபடி ஏழு. இதை எண்ணிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், உங்கள் டிரம்மருக்கும் போட்டுக் காட்டுங்கள்.

இந்தப் பாட்டு அமெரிக்காவில் தனி சிங்கிளாகவும் வந்து நன்றாகவே ஓடியது. அதனால் டிரம்மர் சொல்வதை அடியோடு தள்ளிவிடாதீர்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

அப்போது அபி ரோடு ஸ்டுடியோவில் இன்ஜினியராக உட்கார்ந்தவர் ஆலன் பார்சன்ஸ். வேலை தொடங்கியபோது அவருக்கு உங்கள் வயது, 23. அந்தக் கடிகாரச் சத்தமெல்லாம் அவர் வேறொரு சோதனைக்காக ஒரு பழைய கடிகாரக் கடையில் பதிவு செய்து வைத்திருந்தது. "என்னிடம் ஒன்று இருக்கிறது, பாருங்களேன்" என்று கொண்டுவந்தார், சேர்த்துக்கொண்டார்கள். கத்துகிறார் என்று நீங்கள் சொன்ன பெண்ணைச் சிபாரிசு செய்ததும் அவர்தான். கிளேர் டோரி, 25 வயது, கூப்பிட்டால் வந்து பாடிவிட்டுப் போகிற ஸ்டுடியோ பாடகி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்தார். வார்த்தை இல்லை, மெட்டும் இல்லை, சாவைப் பற்றி என்று மட்டும் சொன்னார்கள். முதலில் "பேபி பேபி" என்று ஆரம்பித்திருக்கிறார், அதெல்லாம் வேண்டாம் என்றதும் குழம்பிப்போய், சரி, நம்மை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொள்வோம் என்று பாடினார். இரண்டு மூன்று தடவை பாடி, சொன்னதையே சொல்கிறோமே என்று தானே நிறுத்திக்கொண்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, இது எங்கே ஆல்பத்தில் வரப்போகிறது என்று நினைத்து வீட்டுக்குப் போனவர். கூலி 30 பவுண்டு. முப்பது வருடம் கழித்து, 2004இல் வழக்குப் போட்டு, 2005இல் சமரசமாகி, இப்போது பேண்டில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் பெயரோடு அவர் பெயரும் இசையமைப்பில் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும்! (உங்கள் ஆல்பத்தில் யாராவது வந்து ஒரு வரி பாடினாலும் யாருக்கு என்ன பங்கு என்று அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள், தம்பி. நண்பர்கள்தானே என்று விட்டவர்கள்தான் அப்புறம் வக்கீலிடம் போகிறார்கள்.)

இன்னொன்றும் உண்டு. பாட்டுகளுக்கு நடுவே யாரோ பேசுகிற, சிரிக்கிற குரல்கள் கேட்கும். வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகளை எழுதி, ஸ்டுடியோவில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் மைக் முன் உட்கார வைத்தார். கடைசியாக எப்போது கைநீட்டினாய், உன் பக்கம் நியாயம் இருந்ததா, சாவுக்குப் பயமா என்கிற மாதிரிக் கேள்விகள். பக்கத்தில் வேலையாக இருந்த முன்னாள் பீட்டில்ஸ்காரர் பால் மெக்கார்ட்னியிடமும் கேட்டார்கள். அவர் ஜாக்கிரதையாக, வேடிக்கையாகப் பதில் சொன்னார், அதைச் சேர்க்கவில்லை. ஆல்பத்தின் கடைசிக் குரல் அந்தக் கட்டடத்தின் வாயில்காப்பாளர் ஜெரி ஓட்ரிஸ்கால் என்பவருடையது. யோசித்துப் பாருங்கள், உலகத்திலேயே பெரிய பெயரான மெக்கார்ட்னியின் குரல் கையில் இருக்கிறது, போஸ்டரில் போட்டால் அதற்கென்றே பத்தாயிரம் பேர் வாங்குவார்கள். அதை விட்டுவிட்டு வாட்ச்மேன் சொன்னதை வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அவர் ஜாக்கிரதையில்லாமல் பேசினார். பாட்டெழுதியவர்கள் நால்வரில் யாருக்கும் அப்போது முப்பது ஆகவில்லை. சாவு, பைத்தியம் என்று சின்னப் பையன்கள் பேசினால் அளப்பு மாதிரி ஆகிவிடும். அந்த வாட்ச்மேனின் குரல் கீழே நின்று தாங்குகிறது.

பதிவானதையெல்லாம் கலந்து சமன் செய்கிற மிக்ஸிங் சமயத்தில் சண்டை. வாட்டர்ஸுக்குப் பேச்சுக்குரல் தெளிவாக, எல்லாம் வறட்சியாக, பளிச்சென்று வேண்டும். கில்மருக்கு எதிரொலியோடு ஈரமாக, குரல்கள் உள்ளே அமுங்கி வேண்டும். தீரவில்லை. கிறிஸ் தாமஸ் என்று வெளியாள் ஒருவரைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். முடிவு இரண்டுக்கும் நடுவில் வந்தது, அந்த நடுத்தான் நமக்கு இன்றைக்குக் கேட்பது. உங்கள் பேண்டிலும் மாதக்கணக்கில் ஒரே பாட்டைக் கேட்டுக் கேட்டு நாலு பேர் காதும் மரத்துப்போயிருக்கும். மரத்துப்போகாத ஐந்தாவது காது ஒன்று வேண்டும், அது உங்கள் மாமாவாக இருக்க வேண்டாம்.

இப்படித்தான் எல்லா மாஸ்டர்பீஸும் வந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு பேண்டான ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' ஆல்பம், 1977. மேடையில் பழுக்கவைத்த சரக்கு இல்லை அது, ஸ்டுடியோவிலேயே கிடந்து, திரும்பத் திரும்ப ஓட்டியதில் டேப்பே தேயும் அளவுக்கு இழைத்தது. பேண்டுக்குள் இரண்டு ஜோடிகள் பிரிந்துகொண்டிருந்தன, ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிய பாட்டுக்கு அவரே வாசிக்க வேண்டிய நிலைமை. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் பேண்டின் 1967 முதல் ஆல்பம் வந்தபோது சரியாக விற்கக்கூட இல்லை. ஆக ஃபார்முலா கேட்டால் என்னிடம் கிடையாது. ஆனால் மூன்றிலும் ஒன்று பொது: ஒரு பாட்டைக் கழற்றி எடுத்தால் பக்கத்துப் பாட்டுக்கு வலிக்கும்.

உங்கள் எட்டுப் பாட்டுக்கும் அந்தச் சோதனையைத்தான் வைக்கச் சொல்கிறேன். எட்டையும் சீட்டில் எழுதித் தரையில் பரப்புங்கள். மூன்றாவதை எடுத்துவிட்டால் நாலாவது ஏதாவது இழக்கிறதா? ஐந்தையும் ஆறையும் இடம் மாற்றினால் யாருக்காவது உறுத்துகிறதா? எதுவுமே ஆகவில்லை என்றால் உங்களிடம் இருப்பது எட்டு நல்ல பாட்டு, ஆல்பம் இல்லை, டிரம்மர் சொல்வதுதான் சரி, மாதத்துக்கு ஒன்றாக விட்டுவிடுங்கள், அதில் ஒரு கேவலமும் இல்லை. உறுத்தினால், தனியாக நிற்கக்கூடிய இரண்டை முதலில் விட்டுவிட்டு மிச்சத்தைச் சேர்த்து ஒன்றாகக் கொண்டுவாருங்கள். நாற்பது நிமிடத்தைப் பெரிதாகத் தாண்ட வேண்டாம். டார்க் சைட் மொத்தமே 43 நிமிடம், அதுவும் எல்பியில் நடுவில் எழுந்து புரட்டிப் போட வேண்டும்.

எப்படியானாலும் பதிவுக்கு முன் பத்து இருபது மேடையாவது பாருங்கள். காலேஜ் விழா, காபி ஷாப், கல்யாண ரிசப்ஷன், எதுவானாலும் சரி.

அந்தக் கதையைச் சொல்கிறேன் என்றேனே. பல வருடம் முன்பு ஒரு பேண்டின் ஆல்பத்தை மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் கடைசிக் கட்ட ஒலிச் சீரமைப்பு, செய்தேன். அருமையான பையன்கள். முதல் பாட்டு ஒற்றை கிட்டாரோடு முணுமுணுவென்று ஆரம்பிக்கும். "சார், மற்ற பாட்டோடு போட்டால் நம்முடையது சின்னதாகக் கேட்கிறது" என்றார்கள். உச்ச சத்தத்தை அமுக்கி மொத்தத்தையும் உரக்க ஆக்குகிற லிமிட்டரைப் போட்டு அமுக்கிவிட்டேன். முணுமுணுப்பும் கூச்சலும் ஒரே சத்தம். ரிலீஸ் அன்று எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வருடம் கழித்துப் பாடகனே வந்து, "என்னமோ தெரியல சார், என் ஆல்பத்த நானே நாலாவது பாட்டுக்கு மேல கேக்க முடியல, சோர்வா இருக்கு" என்றான். அவனுக்குக் காரணம் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. கோடம்பாக்கத்து மூத்தவர் சொன்ன தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லாமல் போயிற்று. உங்கள் மாஸ்டரிங்குக்கு உட்காரும்போது, என்னிடம் வந்தாலும் வேறு யாரிடம் போனாலும், சத்தத்தை ஏற்றச் சொல்லி நச்சரிக்காதீர்கள்.

இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது: ஷஃபிளை அணையுங்கள், செட்டிங்ஸில் கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் ஆரம்பத்தோடு கலப்பது) இருந்தால் அதையும் அணையுங்கள், கேப்லெஸ் (நடுவில் இடைவெளி விடாமல் ஓட்டுவது) என்று இருந்தால் அதை மட்டும் போடுங்கள். விளம்பரம் இல்லாத கணக்கு மாமாவிடம் இருக்கும், பாஸ்வேர்டு கேளுங்கள், தராமல் இருக்க மாட்டார். ஹெட்போனில் விளக்கை அணைத்துவிட்டு ஒரே மூச்சில் கேளுங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான், அதற்காக ராக்கை விட்டுவிட வேண்டியதில்லை, மாமாவிடம் மட்டும் நேரடியாகச் சொல்லிவிடாதீர்கள்.

அந்த ஒன்பது நிமிடப் பாட்டை நான் கேட்காமல் வைக்கவோ எடுக்கவோ சொல்ல முடியாது. ஒன்பது நிமிடம் என்பது குற்றமும் இல்லை, பெருமையும் இல்லை. அடுத்த மேடையில் அதை நடுவில் போட்டு வாசியுங்கள். நீங்கள் நாலு பேரும் வாசிப்பில் மூழ்கிப் போவீர்கள், அதனால் நம்பிக்கையான ஒருவரைக் கடைசி வரிசையில் நிற்க வைத்து, எந்த நிமிடத்தில் எத்தனை பேர் போனை எடுக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எல்லோரும் ஐந்தாவது நிமிடத்தில் எடுத்தார்கள் என்றால் வெட்ட வேண்டிய இடம் நாலே முக்காலில் இருக்கிறது.